வந்து பார்த்தவர்கள்

விருத்தாம்பாளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது பொதுக் கிணற்றில் போட்ட மாதிரி, யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்று கல்லேரிப்பாக்கம் காலனியில் சொல்வார்கள். அவருக்குப் புறம் பேசும் குணம் கிடையாது. ஒளித்துப் பேச வராது, அவ்வளவுதான். கேட்டதைக் கேட்டபடியே, சொன்னவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு பேருக்கு நடுவில் உரத்த குரலில் சொல்லிவிடுவார். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் அவர் தலை தெரிந்தால் பேச்சு மழைக்கும் மாட்டுக்கும் மாறிவிடும்.

ஊர்த் தெருவில் இருந்த பஞ்சாயத்துத் தலைவர் வீராசாமிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவரைப் பஞ்சாயத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்.

அறுபதாம் வருஷத்துத் தேர்தலில் ஜெயித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் உறுப்பினர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலே இருந்து சொன்னார்கள். ஊர்த் தெருவில் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மனமில்லை. காலனியில் பார்க்கலாம் என்றார் தலைவர். விருத்தாம்பாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர், கையெழுத்துப் போடுவார். பகலெல்லாம் செஞ்சிக் கடைத்தெருக் கடலை மண்டியில் மணிலாக் கொட்டை உடைக்கிற பெண்ணுக்குப் பேச ஏது நேரம் என்று நினைத்து அவர் பெயரை எழுதினார்கள். கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பெஞ்சு, விருத்தாம்பாளுக்குக் கதவோரம் ஒரு கோணி. அதில் உட்கார்ந்தபடிதான் அவர் அந்த ஐந்து வருஷத்தையும் ஓட்டினார்.

முதல் இரண்டு வருஷம் அவர் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். தலைவர் ஒரு விஷயத்தைப் படிப்பார். படித்து முடிக்கும் முன்பே கைகள் உயரும். தெரு விளக்கு எந்தத் தெருவுக்கு, ஏரி மீன் குத்தகை யாருக்கு, எதற்கும் ஒரு கேள்வி வராது. பேச்சு எல்லாம் வேறு எங்கேயோ முடிந்துவிட்டது என்பது அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. ஒரு தடவை, "இதெல்லாம் எப்பப் பேசனீங்க?" என்று கேட்டுவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் அடுத்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

காலனிக்கு மேற்கே மொட்டைப்பாறை நின்றது. செஞ்சியைச் சுற்றி இருக்கும் எல்லா மலைகளையும் போலத்தான் அதுவும், யாரோ பெரிய பெரிய உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கவனமில்லாமல் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். காலனிக் குடிசைகள் அதன் அடிவாரத்தில் இருந்தன. மழைக்காலத்தில் மேலே தண்ணீர் கற்களுக்கு இடையில் ஓடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். பாறை ஒரு நாளும் அசைந்ததில்லை என்றாலும், அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள்கூட அதன் நேர்கீழே மாட்டைக் கட்ட மாட்டார்கள்.

அறுபத்து மூன்றில் சென்னையிலிருந்து கனகராஜ் என்ற கான்ட்ராக்டர் வந்தார். ரோட்டுக்கு ஜல்லி உடைக்க மொட்டைப்பாறை வேண்டும் என்றார். அதற்குப் பஞ்சாயத்தின் சம்மதத்தைக் கேட்டிருந்தார்கள். கனகராஜை ஊரில் யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவருக்காக வந்து பேசியவர் செஞ்சிக் கடைத்தெருவில் மணிலா மண்டி வைத்திருந்த சிங்காரவேலு.

சிங்காரவேலு நல்ல மனிதர் என்றுதான் பெயர். குரலை உயர்த்த மாட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பொட்டலம். யாருக்கு எந்த ஆபீஸில் என்ன காரியம் ஆக வேண்டும் என்றாலும் அவரிடம்தான் போவார்கள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். அந்த வருஷம் அவர் கல்லேரிப்பாக்கத்து உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய்வந்தார். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தகரப் பந்தல் அவர் செலவு என்று பேச்சு வந்தது. தலைவர் வீட்டுக் களத்துக்குச் சிமென்ட் வந்து இறங்கியது.

கடைசியில் காலனிக்கும் வந்தார். மண்டி முதலாளி யாரும் அந்தத் தெருவில் அதுவரை கால் வைத்ததில்லை. பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். அவர் வீட்டுக்குள் போகவில்லை. வேப்பமரத்து நிழலில் நின்றார். கூட வந்த ஆள் ஒரு தட்டில் பழமும் புடவையும் நீட்டினான். பாறை உடைத்தால் காலனி ஆட்களுக்கு வேலை கிடைக்கும், கூட்டத்தில் ஒரு கை தூக்கினால் போதும் என்றார் சிங்காரவேலு. விருத்தாம்பாள் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புடவையைத் திருப்பி அனுப்பினார். அடுத்த கூட்டத்தில், சிங்காரவேலு வந்ததையும் நின்றதையும் சொன்னதையும் பழம் இனிப்பாக இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, "எங்க வூட்டுக்கு வந்தத நான் சொல்ட்டேன். உங்க வூட்டுக்கு வந்தத நீங்க சொல்லுங்க" என்றார்.

சிரிப்பு நின்றது. விருத்தாம்பாள் அத்தோடு விடவில்லை. இனிமேல் எந்த விஷயம் கூட்டத்துக்கு வந்தாலும், அது விஷயமாக யாரை யார் வந்து பார்த்தார்கள், யாருக்காக வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கை தூக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னார். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது என்றார் குமாஸ்தா. பெஞ்சில் இருந்த சைக்கிள் கடை ராஜாராம், தலைவரோடு அவருக்கு ஒரு பழைய மனஸ்தாபம், சும்மா வேடிக்கைக்காக, "நான் ஆதரிக்கறேன்" என்றார். அன்றைக்கு யூனியன் ஆபீஸ் அதிகாரி ஒருவர் கூட்டத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால் தலைவர் வேண்டாவெறுப்பாக, "யாராவது வந்து பார்த்தாங்களா?" என்று கேட்பார். இல்லை, இல்லை, இல்லை என்று பெஞ்சு நெடுக வரும். கதவோரத்துக் கோணியிலிருந்து மட்டும் ஏதாவது ஒரு பதில் வரும். கிணற்றுத் தூர் எடுக்கிற விஷயமாக எங்கள் தெருக் காத்தாயி வந்து கேட்டாள், ஒன்றும் கொடுக்கவில்லை என்பார். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அந்த "இல்லை" சொல்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் விருத்தாம்பாளோடு பேச்சுக் கொடுக்கிறவர்கள் குறைந்தார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் சிங்காரவேலு மட்டும் எப்போதும் போலப் புன்னகை செய்தார். அதுதான் விருத்தாம்பாளுக்குப் பிடிக்கவில்லை.

பாறை விஷயம் கூட்டத்துக்கு வராமல் தள்ளிக்கொண்டே போனது. விருத்தாம்பாளின் புருஷன் ஆதிமூலம் சிங்காரவேலு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மீசை முளைக்கும் முன்பே தூக்க ஆரம்பித்தவர். முதுகு வளைந்து, குனிந்தால் நிமிரக் கை வேண்டியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வழக்கத்தைவிட நேராக நடந்து வீட்டுக்கு வந்தார்.

"மொதலாளி நாளைலேர்ந்து மூட்ட தூக்க வேணாம்னுட்டாரு" என்றார். "வாசல்ல ஒக்காந்து வண்டி கணக்குப் பாத்தா போதுமாம். காக்கிச் சட்ட தச்சிக் குடுக்கறாராம்."

விருத்தாம்பாள் முறத்தைக் கீழே வைத்தார். "பாறையப் பத்தி எதனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

ஆதிமூலம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "வூட்ல சொல்லுன்னாரு. அவ்ளோதான்."

 இதைக் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்றார் விருத்தாம்பாள். ஆதிமூலத்துக்கு அது புரியவே இல்லை. பழமா, புடவையா, இது வேலைதானே, உழைக்கிறவனுக்கு முதலாளி கொடுக்கிறது லஞ்சமா என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "எம் முதுவு உனுக்குத் தெரியும்" என்று மட்டும் கடைசியாகச் சொன்னார். அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவர் விருத்தாம்பாள்தான். அவருக்குத் தெரியாதா?

கூட்டத்தன்று காலையில் ஆதிமூலம் சாப்பிடாமல் மண்டிக்குப் போனார். புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை விருத்தாம்பாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் பாறை விஷயத்துக்கு வந்ததும் தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெஞ்சு நெடுக இல்லை வந்தது. விருத்தாம்பாள் எழுந்து நின்றார். அதற்கு முன் அவர் எழுந்து பேசியதில்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு சிங்காரவேலு மொதலாளி வாசல்ல ஒக்கார்ற வேல குடுத்துருக்கறாரு. பாறையப் பத்தி ஒண்ணும் சொல்லல. வூட்ல சொல்லுன்னு மட்டும் சொன்னாராம். அவரு வந்து சொன்னாரு. நான் இங்க சொல்ட்டேன்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் பாறை விஷயத்தை அன்றைக்குப் படிக்காமல் அடுத்த கூட்டத்துக்கு வைத்தார்.

மறுநாள் மண்டியில் ஆதிமூலத்தை யாரும் திட்டவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மூட்டைக்கும் வர வேண்டாம் என்றார்கள். பக்கத்து மண்டியில் கேட்டார். ஆள் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த மண்டியிலும் ஆள் இருந்தது. அந்தக் கடைத்தெரு முழுவதும் ஒரே நாளில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். விருத்தாம்பாளுக்கும் கொட்டை உடைக்கிற வேலை நின்றது. ஆதிமூலம் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிறகு அவலூர்பேட்டைச் சந்தையில் வாரத்துக்குச் சில நாள் வேலை கிடைத்து, காலை பஸ்ஸில் போய்வந்தார். போகும்போதும் சொல்ல மாட்டார், வரும்போதும் சொல்ல மாட்டார்.

அந்த நாட்களில் ஒரு தடவை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சிங்காரவேலுவே விருத்தாம்பாள் அருகில் வந்து நின்றார். சுற்றிலும் கூட்டம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரிதான் இருந்திருக்கும்.

"ஏம்மா, உம் மேல எனுக்குக் கோவம் இல்ல" என்றார். "ரெண்டு பக்கமும் பேசிக் காரியத்த முடிச்சி வெக்கறதுதான் என் வேல. இந்த ஊரு அப்படித்தான் நடக்குது. எல்லாத்தையும் சபைல கொட்டுனா எதுவும் நடக்காது."

விருத்தாம்பாள் ஒரு அடி தள்ளி நின்றார்.

"பாறை மேல இருக்குது. நீங்க கீழ இருக்கறீங்க" என்றார் அவர், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி. "அத மறந்துட்டுப் பேசற." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

பாறை விஷயம் வந்த கூட்டத்தில் நடந்தது யாரும் எதிர்பாராதது. தலைவர் கேள்வியைக் கேட்டதும், முதல் இல்லையை யாரும் சொல்வதற்கு முன், ராஜாராம் தொண்டையைச் செருமினார். என் பெண் கல்யாணத்துக்குப் பந்தலும் சமையல் பாத்திரமும் அனுப்புவதாகச் சிங்காரவேலு சொல்லியிருக்கிறார், நானும் சரி என்றுவிட்டேன், இப்போது வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வேடிக்கைக்கு ஆதரித்த தீர்மானம் அவர் கழுத்தையே வந்து பிடித்திருந்தது. அவர் பக்கத்தில் இருந்தவர் தன் மகனுக்கு வாக்களித்த வேலையைச் சொன்னார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கை தூக்கவும் இல்லை. சம்மதம் கிடைக்கவில்லை. வீராசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

காலனியில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. விருத்தாம்பாள் மட்டும் அதில் சேரவில்லை. இவ்வளவு சுலபமாகவா என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பொங்கல் கழிந்து, களத்து வேலை முடிந்த ஒரு முற்பகலில் மொட்டைப்பாறை உச்சியில் சிவப்புக் கொடி தெரிந்தது. ஆட்கள் மேலே வெடி வைக்கக் கம்பியால் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்துச் சம்மதம் கட்டாயம் இல்லையாம், மேலே உத்தரவாகிவிட்டதாம் என்று தலைவர் சொல்லியனுப்பினார். அவ்வளவு நாளும் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் பூட்டாத கதவுக்குக் காவல் நின்ற மாதிரி ஆகிவிட்டன.

விசில் ஊதினார்கள். காலனியில் பாதிப் பேருக்கு அது எதற்கென்று தெரியவில்லை. வேட்டுச் சத்தம் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை வரை போய் மோதித் திரும்பி வந்தது. கோழிகள் ஒன்றும் கத்தவில்லை. மலையில் ஏதோ ஒன்று நகர்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரு கல், எருமைத் தலை அளவு இருக்கும், குதித்துக் குதித்து வந்து காத்தாயி வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. காத்தாயியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தார். நசுங்கிய கால் மறுபடி நேராகவில்லை.

அன்றைக்குத்தான் ஆதிமூலம் பேசினார். சந்தையிலிருந்து திரும்பி வந்து, உடைந்த சுவரைப் பார்த்துவிட்டு, பாறையை அண்ணாந்து பார்த்தார். மேலே இருந்த பெரிய கல்லுக்கும் அதன் அடிக் கல்லுக்கும் நடுவில் முன்பு இல்லாத ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது.

"நீ கூட்டத்துல சொன்னது சரிதான்" என்றார். "இப்ப இன்னா செய்யப் போற?"

காலனி முழுதும் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது. சில நாள் உட்கார்ந்த பிறகு, பாறையை நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே வந்தார். வெங்கடரமணன் என்று பெயர், நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். ஆபீஸ் ஜீப் பழுதாகிக் கிடந்ததால் சிங்காரவேலுவின் காரில் வந்து இறங்கினார். காருக்குப் பின்னால் தலைவரும் இன்னும் சிலரும் வந்தார்கள்.

அதிகாரி உடைந்த சுவரைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். வெடியைக் குறைத்து வைக்கச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். விருத்தாம்பாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இது விசயமா உங்கள யார் யாரு வந்து பாத்தாங்க? எங்க பஞ்சாயத்துல இதக் கேக்கறது வழக்கம்."

யாரிடம் என்ன பேசுகிறாய் என்று வீராசாமி அதட்டினார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"சிங்காரவேலு வந்தார்" என்றார். "கான்ட்ராக்டர் வந்தார். இன்னொருத்தரும் வந்தார். அவர் பேரை நான் சொல்ல முடியாதும்மா."

காற்றுகூட இல்லாத மத்தியானம் அது. 

"மலைக்குக் கீழ குடியிருக்கறாங்கன்னு மூணு பேருமே சொல்லல" என்றார் அதிகாரி.

அவர் திரும்பிப் போகும்போது காரில் ஏறவில்லை. ரோடு வரை வெயிலில் நடந்து பஸ் பிடித்தார். கார் அவர் பின்னால் கொஞ்ச தூரம் மெதுவாக ஊர்ந்து போய், பிறகு வேகம் எடுத்துக் கடந்து போனது. அந்த வாரமே வேலையை நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. அடுத்த மாதம் வெங்கடரமணனை எங்கேயோ தெற்கே மாற்றிவிட்டார்கள். அவர் குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்ததைச் செஞ்சியில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அந்த மூன்றாவது ஆள் யார் என்பதுதான் பிறகு ஊரை அரித்தது. தலைவர்தான் என்றார்கள் சிலர். தலைவர் பெயரைச் சொல்ல ஒரு அதிகாரி ஏன் பயப்பட வேண்டும் என்றார்கள் வேறு சிலர். பட்டணத்தில் இருக்கும் பெரிய பெயர்கள் எல்லாம் தாழ்ந்த குரலில் அடிபட்டன. காலனியிலேயே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டதும் உண்டு. பெயர் தெரிந்த ஆளோடு சண்டை போடலாம், முகமே இல்லாதவனோடு என்ன செய்வது என்று விருத்தாம்பாள் காத்தாயியிடம் சொல்லியிருக்கிறார்.

அறுபத்தைந்தில் மறுபடி பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. வேறு தலைவர் வந்தார். வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். "யாராவது வந்து பார்த்தாங்களா" என்ற கேள்வியை யாரும் ரத்து செய்யவில்லை. கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ராஜாராம் ஒரு தடவை நினைவுபடுத்தினாராம். நேரமில்லை என்று பதில் வந்ததாம். அறுபத்தேழில் சென்னையில் ஆட்சி மாறியபோது சிங்காரவேலு மண்டி வாசலில் கட்டியிருந்த கொடி மாறியது. உள்ளே போய்வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

அந்த வருஷத்துக் கார்த்திகை மழை ஓய்ந்ததும் விறகு பொறுக்க விருத்தாம்பாளும் இன்னும் இரண்டு பெண்களும் மொட்டைப்பாறை மேல் ஏறினார்கள். மூன்று வருஷமாக வேலை நிறுத்தி வைத்த இடம். உத்தரவு ரத்தாகவில்லை, நிறுத்தி மட்டுமே வைத்திருந்தார்கள். பழைய கொட்டகை சாய்ந்து கிடந்தது, சுற்றிலும் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. பாறையில் வெடிக்குப் போட்டிருந்த துளைகளில் இந்நேரம் மண்ணும் சருகும் அடைந்திருக்க வேண்டும்.

அடையவில்லை. யாரோ ஒவ்வொன்றையும் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, தண்ணீர் இறங்காமல் புதுத் துணியால் இறுக அடைத்து வைத்திருந்தார்கள். துணி இன்னும் வெள்ளையாக இருந்தது.

பெண்கள் விறகை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே செஞ்சிக்கு நடந்து, வெங்கடரமணன் இருந்த ஆபீஸுக்குப் போனார்கள். புதிய அதிகாரி உள்ளே இருந்தார், கதவு சாத்தியிருந்தது. ஐயாவைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள், உட்காருங்கள் என்றார் பியூன்.

வந்திருப்பது யார் என்று விருத்தாம்பாள் கேட்டார். பியூன் தெரியாது என்றார்.

அவர்கள் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.